வேலையோடு படித்து நேர்சிங் அசோசியேட் ஆவதா, நேரே தாதியாவதா?

போன மாதம் ஓர் இரவு ஷிப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வார்டில் எச்.சி.ஏ.யாக, அதாவது தாதியருக்குத் துணையான பராமரிப்பு உதவியாளராக, வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி வந்து போனை நீட்டினாள். நேர்சிங் அசோசியேட் அப்ரென்டிஸ்ஷிப்புக்கு ஆள் எடுக்கிறோம் என்று நிர்வாகத்தில் இருந்து வந்த மின்னஞ்சல். இரண்டு வருடம், படிப்புச் செலவு கிடையாது, படிக்கும்போதும் சம்பளம் உண்டு. "அக்கா, அப்ளிகேஷன் போடட்டோ?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: "ரெண்டு வருசம் படிச்சு முடிச்சாலும் நேர்ஸ் இல்லையாம். உண்மையோ?"

உண்மைதான். ஆனால் அந்த ஒன்றை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கிலாந்தில் தாதியாவதற்கு நாலைந்து பாதை இருக்கிறது. ஒருவருக்கு நல்ல பாதை இன்னொருவருக்கு வீண் அலைச்சல். லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் பக்கம் கெயார் ஹோம் எனும் பராமரிப்பு இல்லங்களிலும் ஆஸ்பத்திரியிலும் எத்தனையோ தமிழர்கள் வருடக்கணக்காக எச்.சி.ஏ.யாக உழைக்கிறார்கள். ஊரில் உயர்தரம் வரை நன்றாகப் படித்தவர்கள், சிலர் தாதிப் படிப்பே முடித்தவர்கள். நானும் எச்.சி.ஏ.யாகத் தொடங்கியவள். இப்போது பதிவுபெற்ற தாதி. பயிற்சியில் இருப்பவர்களை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. அந்த இடத்தில் இருந்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நேர்சிங் அசோசியேட் என்றால் யார்?

எச்.சி.ஏ.க்கும் பதிவுபெற்ற தாதிக்கும் நடுவில் ஒரு படி வேண்டும் என்று உருவாக்கிய வேலை இது. 2017 ஜனவரியில் முதல் குழுக்கள் பயிற்சியைத் தொடங்கின. 2019 ஜனவரி 28 அன்று, தாதியரைப் பதிவு செய்யும் என்.எம்.சி. இவர்களுக்கும் தன் பதிவேட்டைத் திறந்துவிட்டது. அன்றிலிருந்து இவர்களும் சட்டப்படி பொறுப்புள்ள, பதிவு எண் உள்ள ஊழியர்கள். தாதியைப் போலவே மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 450 மணி நேர வேலையும் 35 மணி நேரத் தொடர்கல்வியும் காட்ட வேண்டும்.

வேறுபாடு எங்கே என்று கேட்டால் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லலாம்: தாதிக்கு என்.எம்.சி. வகுத்த திறன் தளங்கள் ஏழு, நேர்சிங் அசோசியேட்டுக்கு ஆறு. தாதியின் பட்டியலில் 'தேவையை மதிப்பிட்டுப் பராமரிப்பைத் திட்டமிடுதல்' என்றும் 'பராமரிப்பை வழிநடத்துதல்' என்றும் இருக்கும். இவர்களுடையதில் 'பராமரிப்பை வழங்கிக் கண்காணித்தல்' என்று இருக்கும். இதைக் காகிதத்தில் படித்தால் ஒன்றும் புரியாது. வார்டில் பார்த்தால் உடனே புரியும்.

ஒரு காலை நேரம். மூன்றாம் படுக்கையில் எழுபது வயது தாண்டிய ஐயா, முந்தைய நாள்தான் சிறுநீர்க் கிருமித்தொற்றோடு வந்தவர். நேர்சிங் அசோசியேட் பயிற்சியில் இருந்த பிள்ளை அவருக்கு அளவுகள் எடுத்தாள். மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் 93, நாடி 112, காய்ச்சல் 38.4, இரத்த அழுத்தம் பரவாயில்லை, ஆள் தெளிவாகப் பேசுகிறார். நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்-2 அட்டவணையில் போட்டால் இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று: மொத்தம் ஏழு. ஏழு வந்தாலே அவசர நிலை. பயிற்சி தொடங்கிய முதல் மாதத்தில் இதே பிள்ளை எண்களை ஒழுங்காகப் பதிந்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருப்பாள். அன்று அப்படிப் போகவில்லை. ஐயாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள், காலையில் சிறுநீர் எவ்வளவு போனது என்று பார்த்தாள், நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, ஏழு வந்திருக்கு. செப்சிஸ் மாதிரித் தெரியுது, ஆறு மணிக்கு மூண்டுதான் இருந்தது" என்றாள். கிருமித்தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் உயிராபத்து நிலைதான் செப்சிஸ். எண்ணோடு அர்த்தத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தாள். அதுதான் அந்தப் படிப்பு கொடுப்பது.

அதற்குப் பிறகு நடந்தது என் வேலை. நான் போய் முழுதாகப் பரிசோதித்தேன், வைத்தியரை அழைத்தேன், எந்த இரத்தப் பரிசோதனை, எவ்வளவு நேரத்துக்குள் அன்டிபயாட்டிக், இனி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று பராமரிப்புத் திட்டத்தை மாற்றினேன். ஏதாவது பிழையாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். இரண்டு பேரும் இல்லாமல் அந்த ஐயா தப்பியிருக்க மாட்டார். ஆனால் இரண்டும் ஒரே வேலை இல்லை, சம்பளமும் ஒன்றில்லை.

சம்பளமும் செலவும்

சரி, காசுக்கு வருவோம். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் இருக்கும்போது இதைப் பேசாமல் படிப்பைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை.

அரசாங்க மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இல் சம்பளம் பேண்ட் எனும் படிநிலைக் கணக்கில் போகும். 2025-26 விகிதத்தில் பேண்ட் 2 எச்.சி.ஏ.க்கு வருடம் 24,465 பவுண்ட். பயிற்சியில் இருப்பவர்களைப் பெரும்பாலான இடங்களில் பேண்ட் 3இல் எடுப்பார்கள், அது 24,937இல் தொடங்கும். நேர்சிங் அசோசியேட்டாகத் தேறினால் பேண்ட் 4: 27,485 முதல் 30,162 வரை. பதிவுபெற்ற தாதி பேண்ட் 5இல் 31,049இல் தொடங்கி 37,796 வரை போவார், அதற்கு மேல் ஏறவும் வழி உண்டு. லண்டனுக்குள் இவற்றோடு லண்டன் படி தனியாகச் சேரும்.

அப்ரென்டிஸ்ஷிப்பில் படிப்புக் கட்டணம் உங்களிடம் வராது. பெரிய நிறுவனங்கள் தங்கள் மொத்தச் சம்பளத் தொகையில் மூன்று மில்லியன் பவுண்டுக்கு மேற்பட்டதற்கு 0.5 வீதம் அரசாங்கத்துக்கு வரியாகக் கட்டும். அந்தப் பணத்தில் இருந்துதான் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் போகிறது. "இடையில் விட்டுவிட்டுப் போனால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்" என்று யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்ரென்டிஸ்ஷிப் விதிப்படி, பயிற்சிச் செலவை மாணவரிடம் கேட்கக் கூடாது, அவர் விட்டுப்போனாலும் கூடாது. தெரியாமல் பயந்து, பிடிக்காத இடத்திலேயே இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு நேரே போனால் மூன்று வருடம். 2025-26இல் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ட், மூன்று வருடத்துக்கு 28,605, அதைக் கடனாக எடுக்கலாம். நான் படித்த காலத்தில் பேர்சரி எனும் அரசாங்க உதவிப்பணம் இருந்தது, கட்டணமே இல்லை. 2017இல் புதிதாக வருபவர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது தாதி மாணவர்களுக்கு வருடம் 5,000 பவுண்ட் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத உதவித்தொகை இருக்கிறது, பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இன்னும் 2,000. வாழ்க்கைச் செலவுக்கும் கடன் எடுக்கலாம்.

இந்தக் கடனைப் பற்றிய பயம் நம் ஆட்களிடம் கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். வட்டிக்கு வாங்கிய கடன் போல இது வாசலில் வந்து நிற்காது. 2023 ஓகஸ்டுக்குப் பின் தொடங்கியவர்கள் 25,000 பவுண்டுக்கு மேல் உழைக்கும் பகுதியில் 9 வீதம் கட்டினால் போதும். புதிதாகச் சேரும் தாதிக்கு 31,049 என்றால், மேலே உள்ள 6,049இல் 9 வீதம், வருடம் சுமார் 544, மாதம் 45 பவுண்ட். நாற்பது வருடத்தில் மிச்சம் அழிந்துவிடும். கடன் தொகையைப் பார்க்காமல் இந்த 45ஐப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆனால் உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வருடம் சம்பளம் இல்லை. அப்ரென்டிஸ்ஷிப்பில் போகும் ஒருவர் முதல் இரண்டு வருடத்தில் 49,874 பவுண்டும், தேறிய பிறகு மூன்றாம் வருடத்தில் 27,485உம் சம்பளமாக எடுத்திருப்பார், வரிக்கு முன் 77,359. ஓய்வூதியக் கணக்கும் தொடர்ந்து ஓடும். பல்கலைக்கழகம் போனவர் அதே மூன்று வருடத்தில் 15,000 உதவித்தொகையோடும் கடனோடும் இருப்பார். நாலாம் வருடம் அவர் பேண்ட் 5இல் நிற்பார், மற்றவர் பேண்ட் 4இல். தொடக்கச் சம்பளத்தில் வித்தியாசம் 3,564 பவுண்ட். அந்த வேகத்தில் இந்த இடைவெளியைப் பிடிக்க எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இன்னொன்றைத் தாய்மார் கவனிக்க வேண்டும். வேலை செய்யும் பெற்றோருக்கு அரசாங்கம் வாரம் 30 மணி நேரம் இலவசப் பிள்ளைப் பராமரிப்புத் தருகிறது. 2025 செப்டெம்பர் முதல் ஒன்பது மாதக் குழந்தைக்கும் அது உண்டு. வீட்டில் இரண்டு பெரியவர்கள் என்றால் இருவரும் குறைந்தபட்சத் தொகை ஒன்றை உழைக்க வேண்டும். அப்ரென்டிஸ் என்பவர் ஊழியர், அதனால் சலுகை கிடைக்கும். வேலையை விட்டு முழுநேர மாணவியானால் அது போய்விடலாம். மாணவர்களுக்கென்று வேறு பிள்ளைப் பராமரிப்பு உதவி இருக்கிறது, ஆனால் விண்ணப்பமும் வருமானக் கணக்கும் வேறு. என்னிடம் கேட்ட தங்கச்சிக்கு இரண்டு வயதில் ஒரு மகன். அவளுக்கு இந்த ஒரு விஷயமே பாதி முடிவைச் சொல்லிவிட்டது.

கெயார் ஹோமில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே பேண்ட் கிடையாது. சட்டப்படி அப்ரென்டிஸின் முதல் வருடத்துக்குத் தனியான, குறைந்த அடிப்படைச் சம்பளம் உண்டு. 2025 ஏப்ரலில் அது மணிக்கு 7.55 பவுண்ட், 21 வயது நிரம்பிய மற்றவர்களுக்கு 12.21. இப்போது எடுக்கும் சம்பளம் குறையாது என்று எழுதி வாங்காமல் தொடங்க வேண்டாம்.

நேரே தாதியாகும் அப்ரென்டிஸ்ஷிப்

பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேலையோடு படித்து நேரே பட்டம் பெற்று, பதிவுபெற்ற தாதியாகவே வெளியே வரலாம். பொதுவாக நான்கு வருடம் வரை எடுக்கும். கட்டணம் இல்லை, சம்பளம் உண்டு, நடுவில் வேறு பட்டத்துக்கு மாற வேண்டியதில்லை.

இது உங்கள் மருத்துவமனையில் இருந்து, உங்களிடம் தகுதியும் இருந்தால், யோசிக்காமல் இதற்குத்தான் போக வேண்டும் என்பேன். நேர்சிங் அசோசியேட்டாகி, அப்புறம் மேற்படிப்புக்கு விண்ணப்பித்து, மறுபடி நேர்முகம், மறுபடி காத்திருப்பு எதுவும் இல்லை. சிக்கல் என்னவென்றால் இடங்கள் குறைவு. ஒருவரை நான்கு வருடம் சம்பளம் கொடுத்துப் பாதி நேரம் படிக்க அனுப்பி, அந்த நேரத்துக்கு வார்டில் வேறு ஆளைப் போடுவது மருத்துவமனைக்குப் பெரிய செலவு. அப்ரென்டிஸ்ஷிப் வரிப்பணம் கட்டணத்தைத்தான் கொடுக்கும், அந்த மாற்று ஆளின் சம்பளத்தைக் கொடுக்காது. அதனால் பல இடங்களில் நேர்சிங் அசோசியேட்டை மட்டும் எடுத்துவிட்டு, அதில் தேறியவர்களில் சிலரை மேலே அனுப்புகிறார்கள்.

அப்படி மேலே போனால் முன்பு படித்ததைக் கணக்கில் எடுப்பார்கள். தாதிப் பட்டத்துக்கு 4,600 மணி நேரம் வேண்டும், நேர்சிங் அசோசியேட் படிப்பு 2,300. ஆகச் சரிபாதி முடிந்துவிட்டது. மிச்சம் பதினெட்டு மாதம் முதல் இரண்டு வருடம் வரை. மொத்தம் நாலு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் நடுவில் காத்திருக்கும் காலத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எதைப் படித்திருக்க வேண்டும்?

நேர்சிங் அசோசியேட்டுக்கு ஆங்கிலமும் கணிதமும், இங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் நாலாம் தரம், இல்லையென்றால் அதற்குச் சமமான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2. தாதிப் பட்டத்துக்கு அதோடு உயர்தரத்துக்குச் சமமான ஒன்றையும் கேட்பார்கள். ஊரில் எடுத்த சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களை வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்க்கும் யூகே ஈனிக் அமைப்பின் மதிப்பீட்டோடு ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு, முதலில் அதைக் கேளுங்கள். ஆகாதென்றால் மனம் தளர வேண்டாம். ஜி.சி.எஸ்.ஈ. இல்லாத பெரியவர்கள் இந்த இரண்டு பாடத்தையும் உள்ளூர்க் கல்லூரியில் காசில்லாமல் படிக்கலாம். விளம்பரம் வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது, இன்றைக்கே தொடங்குங்கள். படிப்புக்குள்ளும் மருந்துக் கணக்குப் பரீட்சை ஒன்று வரும், அதில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் சித்தி. சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். தொண்ணூற்றெட்டு வீதம் சரியான டோஸ் என்று ஒன்று கிடையாது.

விசாவில் இருப்பவர்கள்

இங்கேதான் இரண்டு பாதைக்கும் பெரிய வித்தியாசம், நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். மாணவர் கடனுக்குப் பொதுவாக நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ வேண்டும். வேலை விசாவில் இருப்பவர் பல்கலைக்கழகம் போனால் வெளிநாட்டு மாணவர் கட்டணமே கேட்பார்கள். அது எட்டாத தொகை. அப்ரென்டிஸ்ஷிப் விதி வேறு. படிப்புக்காக அல்லாத விசாவில், வேலை செய்யும் உரிமையோடு, தொடங்கும் நாளுக்கு முன் மூன்று வருடம் இந்த நாட்டில் வாழ்ந்திருந்தால் அரசாங்கப் பணம் கிடைக்க வழி உண்டு. வேலை விசாவில் வந்தவரின் கணவனோ மனைவியோ இதில் சேரலாம். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கு அந்த மூன்று வருடமும் தேவையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பொன்சர் செய்யப்பட்ட, அதாவது வேலை கொடுப்பவரே விசாவுக்குப் பொறுப்பேற்ற, வேலையில் நீங்களே இருந்தால், பதவி மாறும்போது விசாவில் எழுதியிருக்கும் வேலையும் மாற வேண்டியிருக்கும். மனிதவளப் பிரிவிடமும் குடிவரவுச் சட்டத்தரணியிடமும் கேட்டு உறுதி செய்த பிறகே காலை வைக்க வேண்டும். நண்பர் சொன்னார், சமூகக் குழுவில் போட்டிருந்தார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஊரிலேயே தாதியாகப் படித்தவர்கள்

இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ தாதியாகப் பயிற்சி பெற்றுப் பதிவும் எடுத்துவிட்டு, இங்கே எச்.சி.ஏ. உடையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவர்கள் வந்து நேர்சிங் அசோசியேட்டுக்குப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். உங்களுக்கான பாதை என்.எம்.சி.யின் வெளிநாட்டுப் பதிவு. ஆங்கிலத் தகுதி, கணினிப் பரீட்சை, அதற்கு மேல் ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. கணினிப் பரீட்சைக்கு 83 பவுண்ட், ஒஸ்கிக்கு 794 என்று கட்டணம் இருக்கிறது. கையைக் கடிக்கும் காசுதான், ஆனால் இரண்டு வருடப் பேண்ட் 3 வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவர்களைத் தடுப்பது பெரும்பாலும் ஆங்கிலம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையில் எழுத்தில் 6.5, மற்றவற்றில் 7 வேண்டும். அரைப் புள்ளியில் திரும்பத் திரும்பத் தவறியவர்கள் பலர். 2023 பெப்ரவரியில் என்.எம்.சி. ஒரு கதவைத் திறந்தது: மயிரிழையில் தவறியவர்கள், இங்கே வேலை செய்யும் இடத்தில் இருந்து தங்கள் ஆங்கிலம் பற்றிய சான்று கொடுக்கலாம். இதைக் கேள்விப்படாமலே கைவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வார்டு மேலாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்குள்ள பயம்

நேர்சிங் அசோசியேட் பயிற்சியைப் பற்றி எனக்கு இரண்டு கவலை.

முதலாவது நேரம். விதி தெளிவாக இருக்கிறது. வேலையோடு படிப்பவருக்கு மொத்த நேரத்தில் குறைந்தது 20 வீதம் படிப்புக்கு, 20 வீதம் வேறு இடங்களில் பயிற்சிக்கு, மிச்ச 60 வீதம் சொந்த வேலையிடத்தில் இருந்தாலும் கற்பதற்கெனப் பாதுகாக்கப்பட்ட நேரம். நடப்பு? நான் முன்பு இருந்த ஒரு மருத்துவமனையில், காலை ஏழரைக்கு ஆள் குறைகிறது என்றதும் பயிற்சியில் இருக்கும் பிள்ளையைத்தான் முதலில் இழுப்பார்கள். "இன்றைக்கு மட்டும் எச்.சி.ஏ.யாக நில்லும்" என்பார்கள். இன்றைக்கு மட்டும் என்பது வாரத்தில் மூன்று நாளாகும். காயத்துக்குக் கட்டுப் போடக் கற்க வேண்டிய பிள்ளை பன்னிரண்டு பேரைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். வருடக் கடைசியில் கற்ற திறன்களைப் பதியும் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக வெறுமை. அப்போது கையெழுத்துக் கேட்டு என்னிடம் அழுதவர்களும் உண்டு. பார்க்காத திறனுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அந்தப் பிள்ளையின் பிழையும் இல்லை. பல்கலைக்கழக மாணவி இந்த விஷயத்தில் பாதுகாப்பானவள், அவள் வார்டின் ஆள் கணக்கில் சேரமாட்டாள்.

இரண்டாவது கவலை பழையது. இந்த நாட்டில் இதே மாதிரி ஒரு இரண்டாம் படி முன்பும் இருந்தது. 1943 சட்டத்தில் உதவித் தாதிகளுக்கென்று ஒரு பட்டியல் வந்தது, பின்னர் அவர்களை 'என்ரோல்ட் நேர்ஸ்' என்று அழைத்தார்கள். இரண்டு வருடப் பயிற்சி. கரீபியனில் இருந்தும் ஆசிய நாடுகளில் இருந்தும் வந்த எத்தனையோ இளம்பெண்களை, முழுத் தாதிப் படிப்புக்குத் தகுதி இருந்தும், இந்தப் படிக்கே தள்ளிவிட்டார்கள். பலர் வித்தியாசமே தெரியாமல் கையெழுத்துப் போட்டார்கள். படித்து முடித்து ஊருக்குத் திரும்பினால் அங்கே அந்தத் தகுதியை ஏற்கவில்லை. இங்கே இருந்தவர்களும் மேலே போக முடியாமல் அங்கேயே தேங்கிப் போனார்கள். பிறகு அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள்.

இன்றைய நேர்சிங் அசோசியேட்டுக்கு மேலே போகும் படி ஒன்று கட்டப்பட்டிருக்கிறது, அது அன்று இருந்ததை விட நல்ல நிலைமை. ஆனால் இந்தப் பதிவு இங்கிலாந்துக்கானது. நாளை கனடாவில் இருக்கும் அண்ணனிடமோ ஆஸ்திரேலியாவுக்கோ போகும் எண்ணம் இருந்தால், கையில் தாதிப் பதிவு இருக்க வேண்டும், நேர்சிங் அசோசியேட் பதிவை நம்பிப் புறப்பட முடியாது.

மறுபக்கத்தில் இவர்களுக்கு ஒரு நல்லதும் உண்டு. தாதி மாணவர் தொடக்கத்திலேயே பெரியவர், குழந்தை, மனநலம், கற்றல் குறைபாடு என்று ஒரு துறையைத் தேர்ந்துவிட வேண்டும். நேர்சிங் அசோசியேட் எல்லா வயதினருக்குமான பொதுப் பயிற்சி. இரண்டு வருடத்தில் மனநல வார்டையும் சமூகத் தாதியரோடு வீடு வீடாகப் போவதையும் பார்த்துவிட்டு, அப்புறம் தன் துறையைத் தேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். சிலர் நிரந்தரமாக பேண்ட் 4இலேயே இருக்க விரும்புகிறார்கள், நோயாளியின் பக்கத்திலேயே இருக்கலாம், வார்டு நிர்வாகத் தலைவலி இல்லை என்பார்கள். நான் வேலை செய்தவர்களில் மிகத் திறமையான சிலர் அவர்கள்தான்.

ஆக, யாருக்கு எது?

இருபது வயது சொச்சம், பிள்ளை குட்டி இல்லை, குடியுரிமை இருக்கிறது, வீட்டில் சாப்பாடு போட அம்மா அப்பா இருக்கிறார்கள் என்றால் பல்கலைக்கழகம். மூன்று வருடத்தில் முடியும், முழு மாணவியாகப் படிக்கலாம். 2025இல் படித்து முடித்த பலருக்கு உடனே பேண்ட் 5 இடம் கிடைக்காமல், அந்த ஓகஸ்டில் அரசாங்கமே தலையிட்டு ஒரு உறுதிமொழித் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது என்பதையும் மனதில் வையுங்கள். பயிற்சிக்குப் போகும் இடங்களிலேயே உங்களை விரும்பிக் கேட்கும்படி நடந்துகொள்ளுங்கள்.

குடும்பப் பொறுப்பு இருக்கிறது, சம்பளம் நின்றால் வீடு நின்றுவிடும் என்றால் அப்ரென்டிஸ்ஷிப். அதில் நேரே தாதியாகும் இடம் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் நேர்சிங் அசோசியேட், ஆனால் விண்ணப்பிக்கும் முன் வார்டு மேலாளரிடமும் பயிற்சிப் பிரிவிடமும் சிலவற்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். தேறிய அன்றே பேண்ட் 4 இடம் இருக்குமா, காலியிடம் வரும்வரை பேண்ட் 3இலேயே நிற்க வேண்டுமா? போன இரண்டு குழுக்களில் எத்தனை பேர் தேறினார்கள், அவர்களில் எத்தனை பேர் தாதிப் படிப்புக்குப் போனார்கள்? மேலே போக விண்ணப்பிக்க எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், போகும்போது சம்பளம் எந்த பேண்ட்? ஆள் குறைந்த நாளில் பயிற்சி நேரத்தை யார் காப்பாற்றுவார்? முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றால் நீங்களும் விண்ணப்பத்தைப் பிறகு பார்க்கலாம், பக்கத்து மருத்துவமனையும் ஆள் எடுக்கும்.

அந்தத் தங்கச்சி இவற்றை அப்படியே எழுதி மேலாளருக்கு அனுப்பினாள். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. பேண்ட் 4 இடம் உறுதி, ஒரு வருட வேலைக்குப் பின் தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், போகும்போது பேண்ட் 4 சம்பளமே தொடரும் என்று எழுதியிருந்தார்கள். பயிற்சி நேரத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதைத் திரும்பக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். இடையில் கணிதத்துக்குக் கல்லூரியில் பெயர் கொடுத்துவிட்டாள். செவ்வாய் மாலை வகுப்பு, மகனைத் தாயார் பார்த்துக்கொள்கிறார். இப்போது இடைவேளையில் தேநீரோடு பின்னக் கணக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள்.